'இயல்பான மழை' என்ற செய்தியை நம்பிக் கடலை விதைக்காதீர்கள்

வானிலை வேறு, காலநிலை வேறு என்பது பள்ளிக்கூடப் பாடம். ஊர் திரும்பிக் காட்டைக் கையில் எடுக்கும் புது ஆட்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் வருஷா வருஷம் கீழே சொல்லும் இடங்களிலேயே சறுக்குகிறார்கள்.

ஏப்ரல் செய்தியை வைத்து விதைப்பது

ஏப்ரலில் இந்திய வானிலைத் துறை தென்மேற்குப் பருவமழைக்கான முதல் கணிப்பை வெளியிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதற்குமான சராசரி 87 செ.மீ. அதில் 96 முதல் 104 சதவீதம் வந்தால் 'இயல்பு'. இதைப் படித்ததும் காங்கேயத்தில் ஒருவர் விதைக்கடலைக்குச் சொல்லி வைக்கிறார்.

அந்த 87 செ.மீ.யில் காங்கேயத்துக்கு என்ன பங்கு? இது மலைக்குக் கிழக்கே இருக்கும் மழை மறைவுப் பகுதி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிப் பக்கம் சாரல் வரும். பல்லடம், தாராபுரம் என்று கிழக்கே வர வர வெறும் காற்றுதான். ஆடியில் காற்றாலை சுற்றும், மண் நனையாது. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை.

மானாவாரிக் காட்டில் நடப்பது இதுதான். ஆனிக் கடைசியில் ஒரு உழவு மழை கிடைக்கும். ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு மண்ணுக்குள் போகும். முளைத்து நாலு இலை விட்டதும் மூன்று வாரம் ஒரு சொட்டு இருக்காது. பயிர் கருகிய பிறகு செப்டம்பரில் நாலு நாள் கொட்டி, மொத்தக் கணக்கு நேராகிவிடும். கணிப்பும் பலித்தது, கடலையும் போனது. அது சொன்னது நாலு மாத மொத்தம், அதுவும் நாட்டுக்கே சேர்த்து. எந்த வாரம், எந்தக் காடு என்று சொல்லவே இல்லை. சொல்லாத வாக்குக்கு டீக்கடையில் திட்டு வாங்குகிறது வானிலைத் துறை.

கீழ்பவானி வாய்க்கால் பாசனக்காரர் கதை வேறு. பவானிசாகரை நிரப்புவது பெரும்பாலும் நீலகிரியில் பெய்யும் தென்மேற்கு மழை. அவருக்குத் தென்மேற்குப் பருவம் முக்கியம், ஆனால் பார்க்க வேண்டியது நீலகிரியை, நாட்டுச் சராசரியை அல்ல.

மானாவாரிக்காரர் காத்திருக்க வேண்டியது அக்டோபர்-டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் கணிப்புக்கு. அதுவும் தமிழகம், கேரளம், ஆந்திரக் கடலோரம், ராயலசீமா, கர்நாடகத்தின் தென் உள்பகுதி எல்லாவற்றுக்கும் சேர்த்த ஒரே எண். கடலையா கொள்ளா, எத்தனை ஏக்கர் என்று முடிவெடுக்க உதவும். விதைக்கும் நாளை அதில் தேடாதீர்கள். அதற்குச் செவ்வாய், வெள்ளியில் வரும் 5 நாள் வேளாண் வானிலை அறிக்கை இருக்கிறது. கூடவே ஒரு சாண் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் விதைப்பெட்டியைத் தொட வேண்டாம்.

"நாளைக்கே தெரியல, 2050 எப்படித் தெரியும்?"

1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் தன் கணினி மாதிரியில் 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்திலேயே கணக்கு வேறு வானிலைக்குப் போய்விட்டது. தொடக்க அளவில் இருக்கும் சிறு பிழை நாளுக்கு நாள் பெருகும். அதனால் தினசரி வானிலைக்கு ஏறக்குறைய இரண்டு வாரமே எல்லை.

காலநிலைக் கணிப்பு அந்தக் கணக்கையே போடுவதில்லை. கிணற்றில் வாளி விழுந்தால் எந்தச் சொட்டு எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊற்று எவ்வளவு, இறைப்பு எவ்வளவு என்று தெரிந்தவர் சித்திரையில் மட்டம் எந்தப் படியில் நிற்கும் என்று சொல்லிவிடுவார். கடல் வெப்பம், காற்றில் ஏறும் கரியமில வாயு இரண்டும் அந்த ஊற்றும் இறைப்பும் மாதிரி.

எல் நினோ என்றால் வறட்சி என்று நினைப்பது

பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. தென்மேற்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் கெடுதல். வடகிழக்குக்குப் பல வருஷம் நல்லது. 2015-இல் எல் நினோ, தமிழகத்தில் வெள்ளம். 2016-இல் எல் நினோ முடிந்துபோயிருந்தது, வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைந்தது.

செல்போனில் 14-ஆம் நாள் மழைப்படம்

பார்க்காதீர்கள்.

மூன்று வருஷக் குறிப்பில் காலநிலை பேசுவது

30 வருஷம் வேண்டும். உலக அளவில் இப்போது ஒப்பிட எடுக்கும் 30 வருஷச் சராசரி 1991–2020.

மழைமானியைத் தென்னைக்கடியில் வைப்பது

மரத்தின் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளவெடுங்கள். வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. என்றால் 200 மில்லி தண்ணீர் 10 மி.மீ. மழை. 2.5 மி.மீ.க்குக் குறைந்தால் அதை மழைநாளாக எண்ணக் கூடாது. வாய் அகன்று அடி குறுகிய பக்கெட்டில் ஸ்கேலை விட்டு அளப்பவர்களின் குறிப்பு நோட்டு அடுப்பெரிக்க ஆகும்.