பனிப்போரின் தொடக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்வது எப்படி?

1945 ஏப்ரல் 25 அன்று, ஜெர்மனியின் டோர்காவ் நகருக்கு அருகே எல்பே ஆற்றங்கரையில், அமெரிக்க வீரர்களும் சோவியத் வீரர்களும் சந்தித்துக் கைகுலுக்கினர். மூன்றே ஆண்டுகளில், 1948 ஜூனில், சோவியத் படை, மேற்கு நாடுகளின் வசம் இருந்த மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் அடைத்துவிட்டது. இடையில் என்ன நடந்தது, நேரடிப் போரின்றி நீடித்த பனிப்போர் எப்படிப் பிறந்தது என்பதை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கும், தேர்வில் இதைக் கோவையாக எழுத வேண்டியவர்களுக்கும் உதவக்கூடிய ஒரு முறையை இங்கே விளக்குகிறேன்.

ஆண்டுகளின் பட்டியலைக் கையில் எடுக்கும் முன், ஐரோப்பாவின் வரைபடம் ஒன்றை விரித்து, 1945 மே மாதத்தில் எந்தப் படை எங்கே நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வார்சா, புக்காரெஸ்ட், சோபியா, புடாபெஸ்ட் ஆகிய தலைநகரங்கள் சோவியத்தின் செஞ்சேனையின் பிடியில் இருந்தன. ரோம், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் ஆகியவை அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளின் பக்கம் இருந்தன. பிற்காலத்தில் 'இரும்புத் திரை' என்று பெயர் பெற்ற, ஐரோப்பாவைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த கோடு பெரும்பாலும் இந்தப் படைநிலைகளை ஒட்டியே அமைந்தது. அதற்கு விலக்காக இருந்த நாடுகளைத் தனி நிறத்தில் குறிப்பது நல்லது. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து சோவியத் படை 1945 இறுதியிலேயே வெளியேறியிருந்தும், 1948 பிப்ரவரியில் அங்கே கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினர் என்பதால், படைபலம் ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்தது என்று எழுதிவிட முடியாது. வரைபடத்தின் ஓரத்தில் இரண்டு எண்களையும் எழுதிவையுங்கள்: போரில் சோவியத் ஒன்றியம் இழந்த உயிர்கள் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம், அமெரிக்கா இழந்தவை ஏறத்தாழ 4 லட்சம்.

அடுத்ததாக, நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு நிகழ்வும் வாஷிங்டனிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்தது, மாஸ்கோவிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்தது என்று எழுதிப் பழகுங்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை. பிரான்சில் ஜெர்மனிக்கு எதிரான இரண்டாவது போர்முனை 1944 ஜூன் 6 வரை திறக்கப்படாதது மேற்கு நாடுகளுக்கு ஆயத்தம் போதாமையின் விளைவு. சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கோ, தன் நாட்டு இரத்தம் வடியட்டும் என்று அவர்கள் வேடிக்கை பார்த்ததாகத் தோன்றியது. 1945 மே மாதத்தில் அமெரிக்கா சோவியத்துக்கான போர்க்கால உதவியைச் சட்டெனக் குறைத்ததும் அப்படித்தான்: ஒரு பக்கம் அது நிர்வாக நடவடிக்கை, மறுபக்கம் அவமதிப்பு.

இந்தப் பயிற்சியை யால்டா மாநாட்டில் (1945 பிப்ரவரி 4–11) பொறுமையாகச் செய்து பாருங்கள். போலந்தில் சுதந்திரமான தேர்தல் நடத்தப்படும் என்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் ஒப்புக்கொண்டனர். ஆனால் முப்பது ஆண்டுகளுக்குள் இருமுறை ஜெர்மானியப் படை ரஷ்யாவுக்குள் நுழைந்த வாசல் போலந்து. அங்கே தனக்கு இணக்கமான அரசு இருந்தே தீர வேண்டும் என்பதில் ஸ்டாலின் உறுதியாக இருந்தார். சுதந்திரமாகத் தேர்தல் நடந்தால் அத்தகைய அரசு அமையுமா என்ற கேள்வியை அந்த ஆவணம் தொடவில்லை. அமெரிக்கத் தரப்பில் இருந்த அட்மிரல் லீஹியே அதன் வாசகங்கள் எப்படி வேண்டுமானாலும் இழுபடக்கூடியவை என்று ரூஸ்வெல்ட்டிடம் சொன்னார். தெரியும், இதற்கு மேல் போலந்துக்கு இப்போது செய்ய இயலாது என்ற பொருளில் ரூஸ்வெல்ட் பதிலளித்தார். பின்னாளில் 'ஒப்பந்தத்தை மீறினார்கள்' என்று எழுந்த குற்றச்சாட்டின் வேர் இந்த நெகிழ்வில் இருக்கிறது.

பெரிய மாநாடுகளோடு சிறிய காட்சிகளையும் சேர்த்துப் படியுங்கள். 1944 அக்டோபரில் மாஸ்கோ சென்ற சர்ச்சில், ஒரு துண்டுத் தாளில் ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதம், கிரீஸில் பிரிட்டனுக்கு 90 சதவீதம் என்று செல்வாக்கைப் பங்கிட்டு எழுதி நீட்ட, ஸ்டாலின் நீலப் பென்சிலால் அதில் ஒரு குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். 1945 ஜூலை 24 அன்று போட்ஸ்டாம் மாநாட்டில், ரூஸ்வெல்ட்டின் மறைவுக்குப் பின் அதிபரான ட்ரூமன், மேசையைச் சுற்றி நடந்து ஸ்டாலினிடம் சென்று, அசாதாரண அழிவுச் சக்தி கொண்ட புதிய ஆயுதம் தங்களிடம் இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அணு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. ஸ்டாலின் வியப்புக் காட்டவில்லை. உளவாளிகள் வழியாக அத்திட்டம் பற்றி அவர் முன்பே அறிந்திருந்தார். ஒரே அணியில் நின்றவர்கள் ஒருவரிடம் ஒருவர் எவ்வளவு மறைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

1946ஆம் ஆண்டை வேகமாகக் கடக்கலாம்: பிப்ரவரியில் மாஸ்கோவிலிருந்து அமெரிக்கத் தூதரக அதிகாரி கென்னன் அனுப்பிய நீண்ட தந்தி, மார்ச்சில் அமெரிக்காவின் ஃபுல்டனில் சர்ச்சில் ஆற்றிய 'இரும்புத் திரை' உரை, செப்டம்பரில் வாஷிங்டனிலிருந்து சோவியத் தூதர் நோவிகோவ் அனுப்பிய தந்தி. கென்னனைப் படிப்பவர்களில் பலர் நோவிகோவைத் தவிர்த்துவிடுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், மறுதரப்பு உலக ஆதிக்கத்துக்கு முயல்கிறது என்று இருவரும் எழுதியிருப்பது தெரியும்.

1947இல் நிதானம் வேண்டும். மார்ச் 12 அன்று ட்ரூமன் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் உதவி கேட்டதும், ஜூன் 5 அன்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் மார்ஷல் ஐரோப்பிய மீட்புத் திட்டத்தை முன்வைத்ததும், கம்யூனிசம் பரவாமல் தடுப்பது என்ற ஒரே கொள்கையின் இரு முகங்கள். திட்டத்தில் சேரச் சோவியத் ஒன்றியத்துக்கும் அழைப்பு இருந்தது. ஆனால் தன் பொருளாதாரக் கணக்கைப் பிறர் பார்வைக்குத் திறக்க மாஸ்கோ விரும்பவில்லை. சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் பாரிஸ் பேச்சிலிருந்து வெளியேறினார். ஏற்க முன்வந்த செக்கோஸ்லோவாக்கியாவும் ஸ்டாலினின் அழுத்தத்தால் பின்வாங்கியது. ஐரோப்பா உண்மையில் இரண்டானது இந்தக் கோடையில்தான் என்பது என் கருத்து.

பெர்லின் முற்றுகையை எழுதும்போது நாணயத்திலிருந்து தொடங்குங்கள். 1948 ஜூன் 20 அன்று ஜெர்மனியில் மேற்கு நாடுகளின் வசம் இருந்த மேற்கு மண்டலங்களில் புதிய ஜெர்மன் மார்க் புழக்கத்துக்கு வந்ததைச் சொல்லாமல், நான்கு நாள் கழித்து வந்த முற்றுகையைச் சொன்னால், அது காரணமற்ற மூர்க்கமாகவே தோன்றும்.

கட்டுரையை எங்கே நிறுத்துவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். கொரியா, கியூபா என்று நீட்டினால் கேள்வி கைநழுவிவிடும். 1949 போதுமானது: ஏப்ரலில் மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோ, மேயிலும் அக்டோபரிலும் இரு ஜெர்மனிகள், இடையே ஆகஸ்ட் 29 அன்று சோவியத்தின் முதல் அணுகுண்டுச் சோதனை.