விளம்பரத்தை அலசும்போது 'வரை'யை விட்டுவிடாதீர்கள்

ஆடி பிறந்துவிட்டால் சென்னையில் நாளிதழின் முதல் பக்கத்தில் செய்திக்கு இடமில்லை. தி.நகர் ஜவுளிக்கடைகள் அதை மொத்தமாக வாங்கிவிடும். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி அதில்தான்: ஒரு முழுப்பக்க விளம்பரத்தை எடுத்து, அது நம்மை எப்படி மடக்குகிறது என்று எழுத வேண்டும். விளம்பரங்கள் மாறுகின்றன, வருஷா வருஷம் தாள்களில் வரும் தவறுகள் அப்படியே இருக்கின்றன.

பாதித் தாள்கள் "கண்ணைக் கவரும் வண்ணங்களில் அழகாக வடிவமைக்கப்பட்டுள்ளது" என்று ஆரம்பிக்கும். இதற்குப் பெயர் பாராட்டுப் பத்திரம். பக்கத்தில் என்ன இருக்கிறது, எங்கே, எவ்வளவு பெரிதாக என்று முதலில் பாருங்கள். ஸ்கேல் வைத்தே அளக்கலாம். ஒரு மாணவி அப்படி அளந்தாள். '50%' என்பதன் உயரம் 11 செ.மீ.; அதன் காலடியில் ஒடுங்கிக் கிடந்த 'வரை' 4 மி.மீ. "மூணு தடவை பார்த்தும் 'வரை' கண்ணுலயே படல மேம்" என்றாள். அந்த ஒரு வரிக்கே நல்ல மார்க் போட்டேன். 'வரை' இருந்தால் எல்லாப் புடவைக்கும் பாதி விலை என்று அர்த்தமில்லை. 5% குறைத்த புடவையும் அந்தக் கணக்கில் அடங்கிவிடும்.

'நிபந்தனை உண்டு' என்று காட்டும் நட்சத்திரக் குறியையும் (*) பலர் தாண்டிப் போகிறார்கள். தமிழில் கூவிவிட்டு நிபந்தனையை மட்டும் ஆங்கிலத்தில் பொடியாக அடித்திருந்தால், அதையும் எழுதுங்கள். வாக்குறுதி எந்த மொழியிலோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

அடுத்தது வண்ண அகராதி. சிவப்பு என்றால் ஆபத்து, நீலம் என்றால் நம்பிக்கை என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவது. ஆடித் தள்ளுபடியின் சிவப்பில் என்ன ஆபத்து இருக்கிறது? தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் பந்தலைப் பாருங்கள்: குங்குமம், மஞ்சள், வேப்பிலை. அதே சிவப்பும் மஞ்சளும்தான் விளம்பரத்திலும். வியாபாரம் பண்டிகை வேஷம் கட்டி வருகிறது. ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, முகூர்த்தப் பட்டு தேங்கிவிடும். தள்ளுபடி பிறந்ததே அந்த மந்தத்தில்தான். விளம்பரம் வந்த தேதியைக் குறிக்காத அலசல் பாதி அலசல்தான்.

நடிகை இருக்கிறார், ஆகவே நம்பகத்தன்மை என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். அவர் எங்கே பார்க்கிறார்? நம்மைப் பார்த்தால் நாம் நிற்போம். விலையைப் பார்த்தால் நம் கண்ணும் அங்கே போகும். என்ன கட்டியிருக்கிறார்? கல்யாணப் பட்டு. நட்சத்திரக் குறியைத் தேடிப் போனால் 'பட்டு ரகங்களுக்குப் பொருந்தாது' என்று இருந்ததும் உண்டு.

வெற்றிடத்தைப் பார்த்து "இடம் வீணாகியுள்ளது" என்று எழுதாதீர்கள். பத்திரிகையில் இடத்தைச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் விற்கிறார்கள்; காலியாக விட்டதற்கும் காசு கட்டியிருக்கிறார்கள். நடுவில் ஒற்றைக் கைக்கடிகாரம், சுற்றிலும் வெள்ளை என்றால், 'நான் கத்த வேண்டியதில்லை' என்கிற பணக்காரத் தோரணை அது. நாற்பது புடவையைக் கட்டம் கட்டி அடைத்த பக்கமும் அசட்டுத்தனம் இல்லை. 'இங்கே கிடைக்காதது எதுவும் இல்லை' என்கிறது அது.

மனை விளம்பரத்தை யாரும் அலச எடுப்பதில்லை. அழகாக இல்லையாம்! எனக்கு அதுதான் பிடித்த பாடம். விற்பது வெறும் நிலம். படத்தில் இருப்பதோ கம்ப்யூட்டரில் வரைந்த வீடும் சிரிக்கும் குடும்பமும். பதிவு செய்ய வேண்டிய மனைப்பிரிவு என்றால் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி (சுருக்கமாக 'ரெரா') அதன் பதிவு எண்ணைப் போட்டாக வேண்டும்; அது எந்த மூலையில், எந்த அளவில் இருக்கிறது என்று தேடுங்கள். 'கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து 10 நிமிடம்' என்கிறார்கள். ஏன் கிலோமீட்டரில் சொல்லவில்லை? எந்த வண்டியில், எத்தனை மணிக்கு?

கூடுவாஞ்சேரிப் பக்கத்துப் பையன் ஒருவன் அப்படி ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தான். ஜி.எஸ்.டி. சாலையை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் வரைந்திருந்தார்கள். ரொம்ப நேரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மேம், இந்த மேப்ல எங்க ஊர் ரயில்வே கேட்டையே காணோம்."