பழைய தட்டிலிருந்து புதிய தட்டுக்கு உபுண்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயிலின் வரவு செலவுக் கணக்கெல்லாம் உபுண்டு இயங்குதளம் ஓடும் என் பழைய மடிக்கணினியில்தான் இருக்கிறது. போன மாதம் அதன் வன்தட்டு ‘டக், டக்’ என்று தட்டத் தொடங்கியதும் எனக்குத் தூக்கமே போய்விட்டது.

பழையது 500 ஜிபி. அதற்குப் பதிலாக வாங்கிய எஸ்எஸ்டி என்ற புதுவகைத் தட்டு 240 ஜிபி. பெரிய தட்டை அப்படியே சிறியதில் நகலெடுக்க முடியாது. ஆனால் நிரம்பியிருந்தது 90 ஜிபிதான். மாலை இடிமழையில் மின்சாரம் போய்விடும் என்பதால் காலையிலேயே உட்கார்ந்தேன். யூஎஸ்பியிலிருந்து உபுண்டுவை இயக்கி, புதிய தட்டைப் பகுதிகளாகப் பிரித்து, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையால் கோப்புகளை அவற்றின் அனுமதிகளோடு நகலெடுத்தேன். பிறகு கணினியைத் துவக்கிவைக்கும் கிரப் நிரலை நிறுவிப் புதுப்பித்தேன்.

கணினி எழுந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் 1 நிமிடம் 30 விநாடி அசையாமல் நின்றது! திரையை உற்றுப் பார்த்தேன். ஒரு யூயூஐடிக்காக, அதாவது தட்டின் ஒரு பகுதிக்குரிய தனி அடையாள எண்ணுக்காகக் காத்திருந்தது. துவங்கும்போது எந்தெந்தப் பகுதிகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்தால், ரூட் (முதன்மைப் பகுதி) வரியை மாற்றிய நான் ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையான பகுதி) வரியை விட்டிருக்கிறேன். அங்கே பழைய தட்டின் எண்ணே இருந்தது. இந்த எண்களைப் பட்டியலிடும் பிஎல்கேஐடி கட்டளை காட்டிய புதிய எண்ணை இட்டதும் தடை நீங்கியது.

பழைய தட்டை இன்னும் அழிக்கவில்லை. துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.