மின்சாரம் இல்லாத முகாமில் சிபாப் இயந்திரத்தை இயக்குவது எப்படி?

பள்ளி விடுமுறையிலும் ஈஸ்டர் வார இறுதியிலும் தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கத்துக் குடும்பங்கள் கூட்டாகக் கிளம்பி, டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்குவது நம்மிடையே உள்ள வழக்கம்தான். ஆனால் உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் உள்ள பெரியவர்கள், முகமூடி வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் சிபாப் (CPAP) இயந்திரம் இரவு முழுவதும் ஓட வேண்டுமே என்ற ஒரே காரணத்தால், "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். வேறு சிலர் இயந்திரத்தை வீட்டில் வைத்துவிட்டு, இரண்டு இரவுதானே என்று துணிந்து வந்துவிடுகிறார்கள். இது முன்னதைவிட மோசம். இயந்திரம் இல்லாத முதல் இரவிலேயே மூச்சுத்தடை திரும்பிவிடும். மறுநாள் அதே ஆள்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு என்3 நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவார்.

இந்த இரண்டும் வேண்டியதில்லை. மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும் இதைச் சரியாகச் செய்துகொள்ள முடியும். எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் இயந்திரம் ஓர் இரவில் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை அளந்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பேட்டரி, கம்பி, சூரியத் தகடு ஆகிய எல்லாமே அந்த ஓர் எண்ணிலிருந்துதான் வரும்.

படி 1: அடாப்டரில் உள்ள எழுத்தைப் படியுங்கள்

இயந்திரத்தோடு வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால், வெளியே வரும் மின்னழுத்தம் எத்தனை வோல்ட் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 இயந்திரத்துக்கு 24 வோல்ட். பிலிப்ஸ் டிரீம்ஸ்டேஷனுக்கு 12 வோல்ட். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கம்பி வாங்கும்போது தேவைப்படும். அதே இடத்தில் 90 வாட், 80 வாட் என்று போட்டிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது அடாப்டரால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு. இயந்திரம் இரவெல்லாம் எடுக்கும் அளவு அல்ல. கடைக்காரர் பலர் இந்த எண்ணை எட்டு மணி நேரத்தால் பெருக்கி, தேவைக்குப் பல மடங்கு பெரிய பேட்டரியை விற்றுவிடுகிறார்கள்.

முகாமுக்கென்று பழைய இயந்திரம் ஒன்றை அலமாரியில் எடுத்துவைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒலி குறைக்கும் நுரை சிதையக்கூடும் என்பதால், முதல் தலைமுறை டிரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட பல இயந்திரங்களை பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூன் மாதம் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உங்கள் பழைய இயந்திரம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வரிசை எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு பையில் வையுங்கள்.

படி 2: வீட்டில் அளந்து பாருங்கள்

சுவர்ச் செருகியில் மாட்டும் சிறிய மின் அளவி வன்பொருள் கடைகளில் கிடைக்கும். நமது மூன்று முனைச் செருகிக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்கி, அதைச் சுவரில் மாட்டி, அதில் சிபாப் அடாப்டரைச் செருகி, வழக்கம்போல் உறங்குங்கள். காலையில் திரையில் கிலோவாட்-அவர் கணக்கில் ஓர் எண் நிற்கும். 0.10 என்று காட்டினால் 100 வாட்-அவர் என்று பொருள் (ஒரு வாட் எடுக்கும் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு ஒரு வாட்-அவர்). சில அளவிகள் இவ்வளவு சிறிய அளவை நுட்பமாகக் காட்டுவதில்லை. ஆகையால் மூன்று நான்கு இரவுகள் எண்ணை அழிக்காமல் ஓடவிட்டு, மொத்தத்தை இரவுகளால் வகுத்துக்கொள்வது நம்பகமானது.

இந்த அளவீட்டை இரண்டு முறை செய்ய வேண்டும். முதலில் ஹியூமிடிஃபையர் எனப்படும் ஈரப்பதமூட்டியும் சூடாகும் குழாயும் ஓடும் நிலையில். அடுத்து இரண்டையும் அணைத்துவிட்டு. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பெரியப்பாவின் இயந்திரத்தை இப்படி அளந்தபோது, ஈரப்பதமூட்டி ஓடிய இரவுகளுக்கு 0.34 என்றும், அணைத்த இரவுகளுக்கு 0.09 என்றும் வந்தது. அதே மனிதர், அதே முகமூடி, அதே அழுத்தம். காற்றைத் தள்ளும் மோட்டார் சுமார் 10 வாட்டில் வேலையை முடித்துவிடுகிறது; மிச்சம் எல்லாம் தண்ணீரையும் குழாயையும் சூடாக்கப் போகிறது. முகாமுக்கு எடுத்துச்செல்லும் சிறிய பேட்டரி அந்தச் சூட்டுக்கு ஆனைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

படி 3: சூட்டை அணைக்க முடியுமா என்று கேளுங்கள்

ஈரப்பதமூட்டி இல்லாமல் சில இரவுகள் உறங்குவது பெரும்பாலோருக்கு இயலும். ஆனாலும் உங்கள் மருத்துவரிடமோ உறக்க மருத்துவமனையிலோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள், குறிப்பாக மூக்கடைப்பும் சைனஸ் தொல்லையும் உள்ளவர்கள். கோசி பே போன்ற ஈரமான கடற்கரை முகாம்களில் அதன் தேவையே பெரும்பாலும் தெரியாது. ஜூலையில் டிராகன்ஸ்பர்க்கில் காற்று வறண்டும் குளிர்ந்தும் இருக்கும் என்பதால் மூக்கு உலரலாம்; படுக்கும் முன் உப்புநீர் மூக்குத் தெளிப்பான் பயன்படுத்துவது அப்போது உதவும்.

அணைக்கும்போது அமைப்புகளுக்குள் சென்று ஈரப்பத அளவையும் குழாய் வெப்பத்தையும் தனித்தனியே நிறுத்த வேண்டும். ஒன்றை மட்டும் நிறுத்தினால் மற்றது சத்தமில்லாமல் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டால் செல்பேசி வலையமைப்பைத் தேடும் சிறு செலவும் மிச்சம். முகமூடியில் காற்றுக் கசிவு இருந்தால் மோட்டார் கூடுதலாக உழைக்கும் என்பதால், தேய்ந்த குஷனைப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

படி 4: பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள்

ஓர் இரவுத் தேவையை இரவுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதோடு கால் பங்கைக் கூட்டுங்கள். ஓர் இரவுக்கு 100 வாட்-அவர், மூன்று இரவுகள் என்றால் 300. கால் பங்கோடு 375.

பேட்டரியின் மேல் ஆம்ப்-அவர் என்றுதான் எழுதியிருக்கும். அதை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-அவர் கிடைக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், 40 ஆம்ப்-அவர் என்றால் 512 வாட்-அவர். அதில் எண்பது விழுக்காட்டை எடுத்தாலும் சுமார் 410 கிடைக்கும், நமது மூன்று இரவுகளுக்குப் போதும். ஈய அமிலப் பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும் என்பதால், அதே வேலைக்கு 65 ஆம்ப்-அவராவது வேண்டும்; எடையும் கூடுதல். எனக்கு ஐயமே இல்லை: புதிதாக வாங்குபவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையையே வாங்க வேண்டும்.

2022, 2023 ஆண்டுகளில் மின்வெட்டு ஆறாம் நிலை வரை போனபோது பல வீடுகளில் சக்கரம் வைத்த இன்வெர்ட்டர் பெட்டி வாங்கினோம். அதற்குள் இருக்கும் 100 ஆம்ப்-அவர் ஈய அமிலப் பேட்டரியை முகாமுக்கு எடுத்துச்செல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். எடுத்துச்செல்லலாம்; ஆனால் அது இன்னும் 100 ஆம்ப்-அவர் கொடுக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு மின்வெட்டுக்கும் அடுத்த மின்வெட்டுக்கும் இடையில் முழுமையாக நிரம்ப நேரம் கிடைக்காமல் பல மாதம் ஓடிய ஈய அமிலப் பேட்டரி, உள்ளே உப்புப் படிந்து தன் கொள்ளளவில் பெரும்பகுதியை இழந்திருக்கும். அதை ஏழாம் படியில் சொல்லும் சோதனைக்கு உட்படுத்திய பிறகே நம்ப வேண்டும்.

வண்டியின் சொந்த பேட்டரியைத் தொடாதீர்கள். அது எஞ்சினைக் கிளப்புவதற்காக நொடிப்பொழுதில் பெரும் மின்னோட்டம் தரும்படி செய்யப்பட்டது. இரவெல்லாம் மெல்ல இறக்குவதற்கு அல்ல. காலையில் மலையடிவாரத்தில் வண்டி கிளம்பாமல் நின்றால் உதவி தொலைவில் இருக்கும்.

படி 5: இன்வெர்ட்டரைத் தவிர்த்து, நேரடிக் கம்பியைப் போடுங்கள்

இன்வெர்ட்டர், பேட்டரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக ஏற்றுகிறது. உங்கள் அடாப்டர் அதை மீண்டும் 24 அல்லது 12 வோல்ட்டாக இறக்குகிறது. இரண்டு முறையும் இழப்பு. அதோடு சும்மா இருக்கும்போதே இன்வெர்ட்டர் 10 வாட் அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரத்தில் அது 80 வாட்-அவர், அதாவது இயந்திரம் எடுக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட இணையானது.

ஆகவே பேட்டரியிலிருந்து நேராக இயந்திரத்துக்குப் போகும், உங்கள் மாதிரிக்கென்றே செய்யப்பட்ட நேர்மின்சாரக் (DC) கம்பியை வாங்குங்கள். 12 வோல்ட் இயந்திரத்துக்கு அது வெறும் கம்பியாக இருக்கும். 24 வோல்ட் இயந்திரத்துக்கு நடுவில் மின்னழுத்தத்தை ஏற்றும் சிறு பெட்டி ஒன்று இருக்கும். முனை பொருந்துகிறதே என்று வேறு மாதிரியின் கம்பியைச் செருகக் கூடாது. வோல்ட்டோ நேர் எதிர் முனைகளோ மாறினால் இயந்திரம் பழுதாகிவிடும்.

பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். கம்பி உரசி அறுந்து ஒன்றையொன்று தொட்டால், கூடாரத்தைத் தீயிலிருந்து காப்பது அந்த ஃப்யூஸ் ஒன்றுதான். பேட்டரியைத் தலைமாட்டுக்கு அருகிலேயே வையுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை ஐந்து மீட்டர் இழுத்து அதில் 5 ஆம்பியர் ஓடினால், வழியிலேயே அரை வோல்ட்டுக்குமேல் குறைந்துவிடும். தூரம் தவிர்க்க முடியாதது என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போடுங்கள். சிகரெட் லைட்டர் செருகி லேசான அசைவில் கழன்றுகொள்ளும் தன்மை உடையது. அதை விட்டால் வழியில்லை என்றால், உள்ளே தள்ளித் திருகி, கம்பியைப் பேட்டரிப் பெட்டியின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள். இரவில் புரளும்போது வரும் இழுப்பு அப்போது கைப்பிடியில் போய் முடியும், செருகியை அசைக்காது.

வேறு வழியின்றி இன்வெர்ட்டர்தான் என்றால், தூய சைன் அலை, அதாவது வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலை, தரும் வகையை மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 6: திரும்ப நிரப்பும் வழி

இரண்டு மூன்று இரவுகளுக்கு இந்தப் படியே தேவையில்லை. அதற்குமேல் தங்கினால் 100 வாட் சூரியத் தகடு ஒன்று போதுமானது. நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 வாட்-அவர் கிடைக்கும். மேகம் மூடினால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராமல் போகலாம். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம் என்பதால் தகடு வடக்குப் பக்கம் பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் தமிழ்க் காணொளிகளில் தெற்கு என்று சொல்வார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. சாய்வு 30 பாகைக்கு அருகில், குளிர்காலத்தில் இன்னும் சற்றுச் செங்குத்தாக. கோடையில் டிராகன்ஸ்பர்க்கில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வருவதால் காலை வெயிலை வீணாக்காதீர்கள். தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே உங்கள் பேட்டரி வகைக்கு ஏற்ற மின்னேற்றக் கட்டுப்படுத்தி இருக்க வேண்டும்.

வண்டியில் 20 ஆம்பியர் மின்னேற்றி பொருத்தியிருந்தால், டர்பனிலிருந்து மலைக்குப் போகும் மூன்று மணி நேரத்தில் 700 வாட்-அவருக்குமேல் ஏறிவிடும். ஜெனரேட்டரைக் கூடாரத்தின் அருகில் எக்காரணம் கொண்டும் ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

படி 7: வீட்டிலேயே ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, முகாமில் எத்தனை இரவுகளோ அத்தனை இரவுகள் பேட்டரியை நடுவில் மின்னேற்றாமல், அதே கம்பியில், அதே அமைப்பில் வீட்டில் உறங்குங்கள். கடைசிக் காலையிலும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் தயார். இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெரியப்பா எங்களோடு வரச் சம்மதித்ததும் இந்த ஒத்திகையைக் கண்ணால் கண்ட பிறகுதான்.

படி 8: கூடாரத்துக்குள்

இயந்திரத்தைத் தரையில் வைக்காமல் ஒரு பெட்டியின் மேல் வைத்து, காற்று இழுக்கும் துளையைப் போர்வை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகாமில் தூசி அதிகம் என்பதால் மாற்று வடிகட்டி ஒன்று பையில் இருக்கட்டும். குளிர் இரவில் குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டால் அதனுள் நீர்த்துளி சேர்வது குறையும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி குளிரிலும் மின்சாரம் கொடுக்கும், ஆனால் 0 பாகை செல்சியஸுக்குக் கீழே அதில் மின்னேற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம் உண்டாகும். மலையில் உறைபனி விழும் ஜூலைக் காலையில் பேட்டரி தொட்டால் சில்லென்று இருக்கும்வரை சூரியத் தகட்டை இணைக்காதீர்கள்.

சானி கணவாய் உச்சிக்குப் போக நினைப்பவர்கள் உயரத்தையும் பார்க்க வேண்டும். அந்த உச்சி 2,870 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏர்சென்ஸ் 10 இயந்திரத்துக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லை 2,591 மீட்டர். அடிவார முகாம்களில் இந்தக் கவலை இல்லை.

படி 9: நள்ளிரவில் நின்றுவிட்டால்

முதலில் செருகியையும் அடுத்து ஃப்யூஸையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும், எனவே மாற்று ஃப்யூஸ் இரண்டு கைவசம் வேண்டும். சரிசெய்ய முடியாவிட்டால் முகமூடியைக் கழற்றிவிட்டு, தலையையும் மார்பையும் உயர்த்தி, ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்து படுத்தால் பலருக்கு மூச்சுத்தடை கூடும். அந்த இரவில் மதுவோ தூக்க மாத்திரையோ வேண்டாம். மறுநாள் வண்டியை வேறொருவர் ஓட்டட்டும்.

வீடு திரும்பியதும் ஈரப்பதமூட்டி அமைப்புகளைப் பழையபடி மாற்றுங்கள். லித்தியம் பேட்டரியைப் பாதியளவு நிரப்பி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்; ஈய அமிலப் பேட்டரியை அன்றே முழுமையாக நிரப்பிவிட வேண்டும்.