மழைச் சவாரிக்குப் பிறகு விடாத பஞ்சர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எங்கள் சைக்கிள் குழுவோடு லிந்தாங் பக்கம் போனபோது நல்ல மழை. பின் டயர் பஞ்சர். வழியிலேயே டியூபை மாற்றிக்கொண்டு வீடு வந்தேன். காலையில் பார்த்தால் மறுபடியும் காற்று இறங்கிக் கிடந்தது.

டியூப் சரியில்லையோ என்று வேறு போட்டேன், அதுவும் போயிற்று. ரிம்மின் உட்புறம் டியூபைக் காக்கும் பட்டையான ரிம் டேப்பை மாற்றினேன். வால்வை நீரில் அமிழ்த்திப் பார்த்தேன். டயருக்குள் விரலால் தடவியும் எதுவும் தட்டுப்படவில்லை. நாட்கள்தான் வீணாயின.

குழுவில் மூத்த அண்ணன் ஒருவர், "ஓட்டை டியூபின் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ரிம் பக்கம் என்றால் ரிம்மில் கோளாறு, வெளிப்பக்கம் என்றால் டயரில். பழைய டியூப்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் வெளிப்பக்கம், அதுவும் வால்விலிருந்து ஒரே தூரத்தில்! டயரின் பெயரெழுத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்தே மாட்டுவேன். அதனால் டயரில் அந்த இடம் உடனே கிடைத்தது.

அங்கே டயரை உட்புறம் வெளியே வருமாறு மடித்து, பஞ்சால் துடைத்தேன். பஞ்சு இழை மாட்டியது. முடி கனத்தில் ஒரு எஃகுக் கம்பி. வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறுவது. செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை லாரிகள் ஓடும் சாலையில் இதற்குப் பஞ்சமில்லை. ஈர ரப்பரில் சுலபமாக இறங்கிவிடும். டயரைக் கழற்றினால் உள்ளே பதுங்கிக்கொள்ளும், பாரம் ஏறினால்தான் குத்தும். முள்வாங்கியால் பிடுங்கினேன். அதற்குப் பிறகு காற்று இறங்கவே இல்லை. அப்பாடா!