வெள்ளத்துக்கு முன்பே ஒரு தெரு செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள்

2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய அடைமழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் மேலே உள்ள ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து அடையாற்றின் இரு கரைகளையும் மூழ்கடித்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் மீண்டும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. இரண்டு முறையும் மின்சாரம் நின்று, கைப்பேசிகள் ஊமையாகி, மீட்புப் படையினரும் மீனவர்களின் படகுகளும் வந்து சேரும்வரை அக்கம்பக்கத்தார்தாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒரு தெருவின் தன்னார்வக் குழு ஆயத்தமாக வேண்டியது அந்த முதல் ஒன்றிரண்டு நாட்களுக்காகத்தான். அதற்குப் பிந்தைய நிவாரணத்துக்கு அரசும் கொடையாளர்களும் எப்படியும் வந்துவிடுவார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், ஆகஸ்ட் கடைசியிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. குடியிருப்போர் நலச் சங்கம் இருக்கும் இடத்தில் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர்கள் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்கள், தண்ணீர் முதலில் புகும் தரைத்தளத்தில் இருப்பவர்களோ பெரும்பாலும் வாடகைக்காரர்கள். வாடகைக்காரர்களும், தெருக்கோடியில் கட்டடத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் தகரக் கொட்டகையும், காவலாளியின் குடும்பமும் கணக்கில் வராத குழு எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும் பாதித் தெருவுக்குத்தான் பயன்படும். மகளிர் சுயஉதவிக் குழுவினரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் முதல் கூட்டத்துக்கே அழைத்துவிட்டால் இந்தக் குறை பெருமளவு நீங்கும். யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யாருக்குப் பேறுகாலம் நெருங்குகிறது என்பது சங்கச் செயலாளரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் வேலை, வீடு வீடாகச் சென்று ஒரு பதிவேடு எழுதுவது. இதைக் கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொண்டால் மின்சாரம் போன மறுநாள் அது இல்லாததற்குச் சமம் என்பதால், நோட்டுப் புத்தகத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாடி வீடு ஒன்றில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்: "கடைசி வீடு, தரைத்தளம், வாடகை. பாட்டி, வயது 78, நடக்க முடியாது. இன்சுலின் போடுகிறார். மகன் வெளிநாட்டில், மகள் ஆவடியில், தொலைபேசி எண் கீழே. எதிர்வீட்டு முதல் மாடிக்கு நாற்காலியோடு தூக்கிச் செல்ல நான்கு பேர் வேண்டும்." எந்த மாடி வீடு, தூக்கப்போகும் நான்கு பேர் யார் என்பதையும் அங்கேயே எழுதி, அவர்களிடமும் மாடி வீட்டுக்காரரிடமும் நேரில் சம்மதம் வாங்கிவிட வேண்டும். கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அப்போது கேட்பதற்கே ஆள் இருக்காது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஆக்சிஜன் கருவியை நம்பி இருப்பவர்கள், பேறுகாலத் தேதி நெருங்கியவர்கள் ஆகியோருக்குத் தெருவுக்குள் செய்யும் ஏற்பாடு போதாது. கனமழை எச்சரிக்கை வந்தவுடனேயே மருத்துவமனைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டுக்கு அவர்கள் போய்விடும்படி குடும்பத்தாரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்; தண்ணீர் ஏறிய பிறகு 108 ஆம்புலன்ஸால் தெருமுனைவரைகூட வர முடியாமல் போகலாம். இத்தகைய நோய் விவரங்கள் அடங்கிய பதிவேடு, பொறுப்பான இருவர் கையில் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் அதைப் படம் எடுத்துப் போடுவது உதவி ஆகாது.

தன்னார்வலர்களைச் சேர்க்கும்போது "யார் யார் வருகிறீர்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, அவரவர் தொழிலையும் திறமையையும் பார்த்து வேலையைக் கொடுப்பது நல்லது. எலக்ட்ரீஷியன், ஓய்வுபெற்ற செவிலியர், ஆட்டோ ஓட்டுநர், நூறு பேருக்குச் சமைத்துப் பழகியவர், கொட்டகைத் தொழிலாளர்களிடம் இந்தியில் பேசக்கூடியவர் என ஐந்து பேர் கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. எலக்ட்ரீஷியனின் வேலை மழைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது: ஒவ்வொரு வீட்டிலும் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் காட்டி, தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே அதை அணைத்துவிடவும், இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கவும் சொல்லித் தர வேண்டும். இளைஞர்களுக்கு ஒரு கட்டுப்பாடும் அவசியம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடும் இடத்தில் தனியாக இறங்கக் கூடாது. இறங்குபவர் கையில் நீண்ட கோலும் இடுப்பில் கயிறும் இருக்க வேண்டும், ஏனெனில் மூடி விலகிய மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் கலங்கிய நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது.

புதிதாக எதையும் உருவாக்குவதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் சேவைகளோடு தொடர்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, பெருநகர சென்னை மாநகராட்சி 1913 ஆகிய எண்களைப் பதிவேட்டின் அட்டையிலேயே எழுதலாம். தாம்பரம், ஆவடி மாநகராட்சிகளில் இருப்பவர்கள் தங்கள் மண்டல அலுவலக எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். செப்டம்பரில் இருவர் தெருவை நடந்து பார்த்து, வடிகாலின் வாய் எங்கெல்லாம் பிளாஸ்டிக்காலும் கட்டடக் கழிவாலும் அடைபட்டிருக்கிறது என்று குறித்து, புகார் அளித்து, புகார் எண்ணையும் குறித்து வைக்கட்டும். எண் இல்லாத புகார் வெறும் பேச்சாகப் போய்விடும். அருகிலுள்ள பள்ளி, திருமண மண்டபம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றில் மேடான இடத்தில் இருப்பவை எவை, இரவில் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

மழை நாட்களில் "ஏரி உடைந்துவிட்டது" என்ற செய்தி ஆண்டுதோறும் சுற்றுகிறது. வானிலை ஆய்வு மையம், மாவட்ட ஆட்சியர், நீர்வளத் துறை ஆகியோரின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்யும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்து, அவர் சொல்வதை மட்டுமே மற்றவர்கள் பரப்ப வேண்டும்.

நிவாரணப் பொருள்கள் வரும்போது வண்டி தெருமுனையில் நின்றுவிடுவதும், உள்ளே இருப்பவர்களுக்கு எதுவும் கிடைக்காமல் போவதும் வழக்கம். ஆகவே பொருள்களை ஒரே இடத்தில் இறக்கி, பதிவேட்டைப் பார்த்து, கடைசி வீட்டிலிருந்து தொடங்கி வழங்க வேண்டும். சாம்பார் சாதப் பொட்டலங்கள் தேவைக்கு மேல் வரும். பால் பவுடர், நாப்கின், கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி, குடிநீர் ஆகியவைதாம் வராது, அவற்றைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். பழைய துணி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது. 2015இல் தெருவோரம் குவிந்த துணிகள் கடைசியில் குப்பையாகவே போயின.

தண்ணீர் வடிந்த பிறகு கீழ்நிலைத் தொட்டிகளை இறைத்துக் கழுவி, 1000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரைக் கலந்து, குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். அதன் பிறகும் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதே பாதுகாப்பு. வெள்ளத்தில் நடந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதால், கைவைத்தியத்தில் நாளைக் கழிக்காமல் மருத்துவ முகாமுக்கு அனுப்ப வேண்டும். மிக்ஜாமுக்குப் பிறகு அரசு அளித்த 6000 ரூபாய் நிவாரணம் நியாயவிலைக் கடைகள் வழியாக டோக்கன் முறையில் வழங்கப்பட்டது. குடும்ப அட்டை இல்லாதவர்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த இருவர் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, அத்தகைய விண்ணப்பங்களை நிரப்பித் தந்து, நகலையும் வாங்கி வைத்தால், அட்டை இல்லாத வாடகைக் குடும்பங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி அந்த வாரத்தில் இருக்காது.

பதிவேட்டை ஆண்டுக்கு இருமுறை திருத்த வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் வாடகை வீடுகளில் ஆட்கள் மாறுகிறார்கள் என்பதால் முதல் திருத்தம் அப்போது. இரண்டாவது, செப்டம்பரில் வடிகாலைப் பார்க்க நடக்கும் அதே நாளில்.