பழைய பூங்காக்களில் பணி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் பொதுப் பூங்காக்களின் சீரமைப்புப் பணிகளை மேற்பார்வையிடப் புதிதாக வரும் இளைஞர்களோடு இப்போதும் அவ்வப்போது களத்துக்குச் செல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் செய்யும்போது வேதனையைவிட எரிச்சலே மிகுகிறது. தலைக்கவசம், தடுப்பு நாடா போன்றவற்றை எவரும் சொல்லிக்கொடுப்பார்கள்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

விழுக்காட்டைக் கண்டு பதறுவது

மாதாந்திரக் கூட்டத்தில் "பணி 40 விழுக்காடு முடிந்தது" என்று சொல்லும்போது, அந்த எண் பெரும்பாலும் முடிந்த வேலையின் பண மதிப்பையே குறிக்கிறது. 1884-இல், கருங்கல் வெட்டியெடுத்த பள்ளத்தாக்கில் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கத் தொடங்கிய நம் தாவரவியல் பூங்காவைப் போன்ற பழைய இடங்களில், முதல் சில மாதங்கள் மரங்களை அளந்து குறிப்பதிலும், எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய வடிகால்களைச் சோதனைக் குழி தோண்டித் தேடுவதிலுமே கழிய வேண்டும். விலைப்பட்டியலில் இவற்றுக்கு ஒதுக்கப்படும் தொகை சொற்பம் என்பதால், முறையாக நடக்கும் பணி அறிக்கையில் பின்தங்கியதாகவே தெரியும். இதைக் கண்டு பதறுபவர், எண்ணை ஏற்றுவதற்காகக் கல்லையும் மணலையும் அவசரமாகக் கொண்டுவந்து இறக்கச் சொல்வார். நானும் அப்படித்தான் சொன்னேன்.

மரத்தடியைக் கிடங்காக்குவது

தீவின் பழைய பூங்கா ஒன்றில் நடைபாதை அமைக்கும் பணி அது. குத்தகையாளரின் லாரி மூன்று நாள் தாமதமாக வந்தது. பொருளை எங்கே இறக்குவது என்று ஓட்டுநர் கேட்டபோது, நிழலாக இருக்கிறதே என்று பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியைக் கைகாட்டினேன். கல் குவியல் நான்கு மாதம் அங்கேயே கிடந்தது. மண்வாரி இயந்திரமும் மாலைதோறும் அங்கேதான் நின்றது. போதாக்குறைக்கு, நடைபாதையைச் சமன்செய்ய மரத்தைச் சுற்றி ஓரடிக்கு மேல் செம்மண் நிரப்பினோம். பணி குறித்த நாளில் முடிந்தது, 100 விழுக்காடு. எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

மூன்றாம் ஆண்டில் அந்த மரத்தின் உச்சி வெளுக்கத் தொடங்கியது. தளிர்கள் சிறுத்தன, கிளை நுனிகள் காய்ந்தன, ஒரு புயல் மழையில் பெரிய கிளை முறிந்து நாங்கள் போட்ட நடைபாதையின் மீதே விழுந்தது. குறைகளைச் சரிசெய்யும் பொறுப்புக் காலம் பொதுவாக ஓராண்டோ ஈராண்டோதான் என்பதால், அதற்குள் குத்தகையாளர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். மரத்தை அகற்றும் செலவு தனி ஒப்பந்தமாயிற்று.

காரணம் எளிது. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி ஆணிவேர்போல ஆழத்துக்குப் போவதில்லை. மேல்மண்ணின் ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்குள், கிளைகள் கவிந்திருக்கும் பரப்பையும் தாண்டிப் படர்கின்றன. மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றைத்தான் அவை சுவாசிக்கின்றன. லாரிச் சக்கரம் அந்த இடைவெளியை நசுக்கிவிடுகிறது, நிரப்பிய மண்ணோ மேலிருந்து மூடிவிடுகிறது. தண்டில் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டு மரம் சில ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதால், கொன்றவர் யார் என்பது கடைசிவரை தெரிவதில்லை. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது களத்தில் இருக்கும் அனைவருக்கும் தெரியும்; ஆகவே எவரும் வாளைத் தொடமாட்டார்கள். லாரியை நிறுத்துவதும் வெட்டுவதுதான் என்று மட்டும் எவருக்கும் தோன்றுவதில்லை.

அடிமரத்தின் விட்டத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு ஆரத்தில் வேலி போடுங்கள். பிரிட்டிஷ் தரநிலை 5837 சொல்லும் கணக்கு இது. விட்டம் ஒரு மீட்டர் என்றால் வேலி 12 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். "இடம் போதாது" என்று குத்தகையாளர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். கயிறு கட்டி ஒப்பேற்ற வேண்டாம், கயிற்றை மதியத்துக்குள் யாராவது தூக்கிவிட்டு லாரியை விடுவார்கள். வேலி நட்ட பிறகே முதல் லாரி வாயிலைத் தாண்ட வேண்டும் என்று அட்டவணையில் தனி வரியாக எழுதுங்கள். அந்த வேலியின் புகைப்படம் இல்லாத முதல் மாத அறிக்கையை நான் இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

தைப்பூசத்தை மறந்த அட்டவணை

செப்டம்பர், அக்டோபர் மழைக்குத் தப்பித்து, வறண்ட ஜனவரி, பிப்ரவரியில் தோண்டுவது சரியான யோசனைதான். ஆனால் தாவரவியல் பூங்காவுக்குப் போகும் அதே சாலையில்தான் தண்ணீர்மலைக் கோயிலும் இருக்கிறது. தைப்பூசக் கூட்டத்துக்கு நடுவே கான்கிரீட் லாரியை வரவழைத்த ஒரு தம்பி, கலவை இறுகிப்போன பிறகு எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். நாள்காட்டியில் சிவப்பாக இருக்கும் ஒரு நாளை மட்டுமல்ல, அதன் முன்னும் பின்னும் உள்ள நாள்களையும் விட்டுவிடுங்கள்.

குரங்குகள்

சிமெண்டு மூட்டையைத் திறந்து வைக்காதீர்கள்.

பணி அறிவிப்புப் பலகை

நிறைவு நாள் தள்ளிப்போனால் அன்றே பலகையில் புதிய தேதியை ஒட்டுங்கள். காலை நடைக்கு வரும் பெரியவர்கள் அதைத் தினமும் படிக்கிறார்கள்.